200 கிராம் ரீல் வந்த வழி

திருப்பூரில் ஏதாவது ஒரு நிட்டிங் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். வட்ட இயந்திரத்தைச் சுற்றிக் கிரீல் சட்டங்களில் நூல் கோன்கள் வரிசையாக நிற்கும். இயந்திரம் என்ன வேகத்தில் நூலை இழுத்தாலும் கோன் இம்மியும் அசையாது. நூல் மட்டும் அதன் மூக்கு வழியே சுருள் சுருளாகக் கழன்று மேலே ஏறும். கோனும் சேர்ந்து சுழல வேண்டும் என்றிருந்தால், அதைச் சுழற்றுகிற பாரமெல்லாம் நூலின் தலையில் விழும். மெல்லிய நூல் அந்த இழுப்பைத் தாங்காமல் அறுந்துவிடும்.

ஸ்பின்னிங் ரீல் என்று இன்று உலகம் முழுக்க விற்கிற தூண்டில் ரீல் பிறந்ததும் இப்படி ஒரு நூல் ஆலை ஊரில்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் பிராட்ஃபோர்டு அந்தக் காலத்தில் கம்பளி நூலுக்குப் பேர்போன நகரம். அங்கே ஆலை நடத்தியவர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். ஆலையில் நூல் கழல்வதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று தூண்டில்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் நரம்பு சுற்றிய ஸ்பூல் சுழலாது. வீசும்போது நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிக் கழன்று பறக்கும். திரும்பச் சுற்றும்போது, ஸ்பூலைச் சுற்றி வலம்வரும் ஒரு கொக்கி நரம்பை அதன்மேல் இட்டுக்கொண்டே போகும்.

அதற்கு முன்னால் இருந்த ரீல்களில் வீசினால் ஸ்பூலே சுழல வேண்டும். கனமான இரையை வீசினால் அதன் வேகம் ஸ்பூலை இழுத்துச் சுழற்றிவிடும். இலேசான இரைக்கு அந்தச் சக்தி இல்லை. எறிந்தால் காலடியிலேயே விழும். கையை ஓங்கி எறிந்தால் ஸ்பூல் இரையைவிட வேகமாகச் சுழன்று, நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் மீன்பிடிப் பொருள் விற்றுவந்த பீட்டர் மல்லோக் 1884-இல் இதற்கு ஒரு பாதி விடை கண்டிருந்தார். அவருடைய ரீலை வீசும் முன்பு பக்கவாட்டில் திருப்பி வைத்தால் நரம்பு விளிம்பு வழியே கழலும். வீசி முடித்ததும் பழைய நிலைக்குத் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழலும்போது ஒவ்வொரு சுருளும் நரம்பில் ஒரு முறுக்கை ஏற்றிவிடும். மல்லோக் ரீல் சுற்றும்போது அந்த முறுக்கு திரும்ப இறங்க வழியில்லை. இல்லிங்வொர்த்தின் ரீலில் ஏறிய முறுக்கு சுற்றும்போது தானாக இறங்கிவிடும். கழன்ற திசைக்கு எதிர்த்திசையில் அதே ஸ்பூலின் மேல் நரம்பு திரும்பி வந்து உட்காருகிறது என்பதுதான் காரணம். எந்த ரீல் ஒரு நூற்றாண்டு பிழைக்கும் என்பதை அந்த ஒரு வேறுபாடுதான் தீர்மானித்தது.

ஸ்பின்னிங் ரீல் பிறந்ததே இலேசான இரைக்காகத்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோடையில் நீர் வற்றிக் கண்ணாடியாகத் தெளிந்த ஆறு. மீன் தடித்த நரம்பைப் பார்த்தால் ஒதுங்கும், கனமான இரை விழுகிற சத்தத்துக்கே ஓடும். அங்கே நூல்போன்ற பட்டு நரம்பில் விரல்நுனி அளவு இரையை எறிந்து பிடிப்பதற்கென்றே இது வந்தது. இன்று ஃபினெஸ் மீன்பிடி என்று சொல்வதும் இதைத்தான்: மெல்லிய நரம்பு, லூர் என்ற இலேசான போலி இரை, அவசரமில்லாத இழுப்பு. நடுவில் இந்த ரீல் எங்கெங்கோ போய்க் கனத்து வந்திருக்கிறது. அந்தப் போக்குவரத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், விலை குறைந்த ரீல்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இல்லிங்வொர்த்தின் ரீல் பார்ப்பதற்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கும். மூடி கிடையாது, பற்கள் வெளியே தெரியும். நரம்பைப் பிடிக்கக் கொக்கி மட்டும்தான். வீசி முடித்ததும் நரம்பை விரலால் எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். இருட்டில், குளிரில், விரல் மரத்துப்போன நேரத்தில் அது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். 1930-களின் தொடக்கத்தில் அதே இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரைச் சேர்ந்த ஹார்டி சகோதரர்களின் நிறுவனம் ஆல்டெக்ஸ் என்ற ரீலைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வளைந்து போகும் முழுக் கம்பி அதில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றியதும் கம்பி சட்டென்று மூடி நரம்பைத் தானே வாரி எடுத்துக்கொள்ளும். இன்று நாம் பெயில் என்று சொல்லும் பாகம் அதுதான். அந்தக் கம்பி வந்த பிறகு ஸ்பின்னிங் ரீலின் உருவத்தில் அடிப்படையான மாற்றம் எதுவும் வரவில்லை. இன்றைய ரீலை ஹார்டி கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் ஒரு நொடியில் இன்னதென்று சொல்லியிருப்பார்.

அடுத்த இடம் பிரான்ஸ். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஆர்வ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளூஸ் என்ற சிற்றூர். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாத குடியானவர்கள் வீட்டில் உட்கார்ந்து கடிகாரப் பற்சக்கரம் கடைந்த பகுதி அது. சவோய் பிரதேசம் சார்டீனிய அரசின் கீழ் இருந்த காலத்திலேயே, 1848-இல், அங்கே கடிகாரத் தொழில் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அந்த ஊரின் கார்பானோ-போன்ஸ் நிறுவனம் கடிகாரப் பாகம் செய்த கையோடு மீன்பிடி ரீலிலும் இறங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மிட்செல் என்ற பெயரில் அதன் ரீல்கள் கடல் கடந்தன. அமெரிக்காவில் கார்சியா கார்ப்பரேஷன் அவற்றை விற்றது. மிட்செல் 300 அங்கே தலைமுறை தலைமுறையாகப் பலருக்கு முதல் ரீலாக இருந்தது. முட்டை வடிவக் கறுப்பு உடல், உள்ளே கடிகாரக்காரன் கை பட்டது தெரியும் பற்கள். எண்ணெயும் கிரீஸும் போட்டுவந்தால் இன்றும் ஓடும். அப்படி ஓடுகிறவை நிறைய உண்டு.

மிட்செல் இவ்வளவு பரவியதற்குப் பாதிக் காரணம் அதற்குள் இல்லை. 1938-இல் டுபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. போருக்குப் பிறகு நைலான் நரம்பு மலிவாகக் கிடைத்தது. அதுவரை இருந்த பட்டு நரம்பை ஒவ்வொரு நாளும் ரீலிலிருந்து கழற்றி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மட்கிவிடும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை. ஒற்றை இழையாக வழுவழுப்பாக இருப்பதால் ஸ்பூல் விளிம்பைத் தாண்டி அழகாகக் கழன்றது. நம் ஊரில் தங்கூசி என்று மீனவர்கள் சொல்வதும் இதே நைலான் இழைதான். அசையாத ஸ்பூலுக்கு ஏற்ற நரம்பு வந்ததும் மீன்பிடி பொழுதுபோக்கு எல்லோருக்கும் எட்டுகிற ஒன்றானது. தொடங்கிய அன்றே யாரும் வீசிவிடலாம்.

எல்லோருக்கும் எட்டியதும் எல்லா வேலையையும் இதன் தலையில் கட்டினார்கள். கடற்கரையில் நின்று ஈயக்குண்டு வீச ஒன்று, படகிலிருந்து பெருமீன் இழுக்க ஒன்று. உடல் பெருத்தது, ஸ்பூலைச் சுற்றிவரும் ரோட்டர் கனத்தது. அந்த வழியில் வந்த நல்ல ரீல்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்க மணிக்கட்டில் தூக்கிக்கொண்டு, இரண்டு கிராம் லூரை நூற்றுக்கணக்கான தடவை எறிகிற மனிதருக்கு அவை பாரம்.

ரீலை மறுபடியும் இலேசாக்கியது ஜப்பான். அதிலும் ஒசாகாவுக்குப் பக்கத்தில் உள்ள சகாய் என்ற ஊரை முதலில் சொல்ல வேண்டும். கத்திக்கும் துப்பாக்கிக்கும் நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற கொல்லர் ஊர் அது. இரும்பு வேலை தெரிந்த கைகள் பின்னாளில் சைக்கிள் பாகங்களுக்குத் திரும்பின. ஷிமானோ ஷோசபுரோ அங்கே 1921-இல் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அவர் முதலில் செய்தது சைக்கிளின் ஃப்ரீவீல். மிதிக்காவிட்டாலும் சக்கரம் ஓடும், பின்னால் மிதித்தால் டக் டக் என்று சத்தம் கேட்கும், அந்தச் சின்னப் பற்சக்கரப் பெட்டி. 1960-களில் அந்த நிறுவனம் உலோகத்தைக் காய்ச்சாமலே அச்சில் நசுக்கி வடிவம் கொடுக்கும் முறையில் தேறியது. 1970-இல் மீன்பிடிப் பொருள் பிரிவு தொடங்கியது. ஒரு திசையில் மட்டும் சுழலும் சக்கரம், இலேசான உடல், பல்லோடு பல் சத்தமில்லாமல் பொருந்துவது: சைக்கிளுக்குக் கற்றதெல்லாம் ரீலுக்கும் வேண்டியதாகவே இருந்தது. 1950-களின் நடுவில் ரீல் செய்யத் தொடங்கிய டாய்வாவும் ஷிமானோவும் போட்டிபோட்டதில்தான் இன்றைய ரீல் உருவானது.

போட்டிக்கு ஒரு களம் வேண்டுமே, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரியவாய் பாஸ் மீனை 1925-இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டவர் அகபோஷி டெட்சுமா. அங்கிருந்து அது நாடு முழுக்கப் பரவியது. ஏரி கொஞ்சம், தூண்டில்காரர்கள் ஏராளம். தினமும் லூரைப் பார்த்துப் பார்த்து மீன் உஷாரானது. அப்படிப்பட்ட மீனை ஏமாற்ற நரம்பு மெலிந்தது, லூர் சிறுத்தது, கையசைவு நுணுகியது. முள்ளுக்குக் கீழே ஈயத்தைத் தொங்கவிட்டு, இரையை அடியில் படாமல் நீரில் ஒரே இடத்தில் நடுங்க வைக்கும் டிராப் ஷாட் முறை ஜப்பானில் பரவி, 1990-களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போனது. அந்த மீன் ஜப்பானின் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2005-இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தின்படி, பாஸை உயிரோடு கொண்டுபோவதும் வேறு நீரில் விடுவதும் அங்கே குற்றம். ஒரு பொழுதுபோக்கின் நுட்பங்களை ரசிக்கிற எவரும் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே நாட்டம் தனியாக வளர்ந்திருந்தது. கான்சஸ், மிசூரி பகுதியில் சிறு லூரும் மெல்லிய நரம்புமாகப் பிடிக்கும் வழக்கம் சில தலைமுறைகளாக உண்டு. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆவணக் காப்பாளராக இருந்த நெட் கேடி அதைப் பற்றி விடாமல் எழுதிவந்தார். அவர் பெயரால் வழங்கும் நெட் ரிக் மிக எளிமையானது: ஏறக்குறைய 1.8 கிராம் எடையுள்ள காளான் வடிவ ஜிக் ஹெட் (எடைத் தலை வைத்த முள்), அதில் ஆறேழு சென்டிமீட்டர் நீளத்தில் மிதக்கும் தன்மையுள்ள மென்பிளாஸ்டிக் துண்டு. அடியில் விழுந்ததும் வாலைத் தூக்கி நிற்கும். அவ்வளவுதான். அந்தப் பகுதித் தூண்டில்காரர்களுக்குச் சிக்கனம் ஒரு கொள்கை மாதிரி. விலை குறைந்த ஸ்பின்னிங் ரீலும் ராடும் வைத்துக்கொண்டு நாளெல்லாம் பிடிப்பார்கள். ஃபினெஸ் என்றாலே விலையுயர்ந்த ஜப்பானியச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் கான்சஸ் குளங்களை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இலேசாக்கும் வேலையில் பெரிய பங்கு பிளாஸ்டிக்குடையது. கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக்கை ஷிமானோ சிஐ4 என்றும் டாய்வா ஸாயான் என்றும் அழைத்தன. அலுமினியம் இருந்த இடங்களில் இவை புகுந்தன. 2018-இல் டாய்வா எல்டி என்ற வரிசையைக் கொண்டுவந்து, விலையுயர்ந்தது முதல் மலிவானது வரை எல்லா ரீல்களின் எடையையும் சேர்த்தே இறக்கியது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்று உச்ச விலை ரீலில் வரும் நுட்பம் சில ஆண்டுகளில் அடுத்த படிக்கு இறங்கும், பிறகு அதற்கடுத்த படிக்கு. சூடாக்காமல் நசுக்கி எடுத்த பற்சக்கரம் ஷிமானோவின் உச்ச ரீலான ஸ்டெல்லாவில் வந்தது. இன்று விலை குறைந்த வரிசையில் உள்ள செடோனாவிலும் அதே வகைப் பற்சக்கரம் இருக்கிறது. உற்பத்தியும் சகாயில் மட்டும் நடப்பதில்லை. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் பொன்தியான் ஊரில் ஷிமானோவின் ஆலை இருக்கிறது. மலிவான, நடுத்தர விலை ரீல்கள் பலவற்றின் காலில் ‘மேட் இன் மலேசியா’ என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். டாய்வாவுக்கு வியட்நாமின் டா நாங்கில் ஆலை உண்டு.

பிராட்ஃபோர்டில் பிறந்த ரீல் இப்படித்தான் 200 முதல் 250 கிராமுக்குள், 60 முதல் 100 டாலருக்குள் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்கிறது. ஷிமானோ செடோனா, டாய்வா ஃபுவேகோ எல்டி, ஃப்ளூகர் பிரெசிடென்ட் எல்லாம் இந்த வட்டாரத்தில் இருப்பவை. இதற்குமேல் கொடுக்கிற பணத்துக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃபினெஸ் வேலைக்கு இந்த விலையில் நின்றுவிடலாம் என்பது என் திடமான கருத்து. மெல்லிய நரம்பில் ரீலுக்கு வரும் பாரமே குறைவு என்பதுதான் அதற்குக் காரணம்.

கணக்கைப் பாருங்கள். ஃபினெஸுக்கு வழக்கமாகப் போடும் 6 பவுண்டு நரம்பு 2.7 கிலோ இழுப்பில் அறுந்துவிடும். ஸ்பூலின் பிடியைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கை அதில் கால் பங்குக்கு வைப்பது வழக்கம். அதாவது சுமார் 700 கிராம். மீன் அதற்குமேல் இழுத்தால் ஸ்பூல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். பெட்டிமேல் ‘டிராக் 5 கிலோ’, ‘9 கிலோ’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உங்களுக்கு எந்தக் காலத்திலும் பயன்படப் போவதில்லை. உங்கள் வாழ்வெல்லாம் அந்த 700 கிராமைச் சுற்றித்தான். அலுமினிய உடல் வேண்டும், இல்லையென்றால் பாரத்தில் உடல் நெளிந்து பற்கள் விலகும் என்பார்கள். பெருமீன் ரீலுக்கு அது உண்மை. 700 கிராமுக்கு இழை கலந்த பிளாஸ்டிக் உடலே தாராளம். இங்கேதான் உங்கள் பணம் மிச்சமாகிறது.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் டிராக் தொடங்கும் நொடியைப் பாருங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலில் 700 மில்லி நிரப்பி நரம்பில் கட்டுங்கள். டிராக்கைத் தளர்த்தி வைத்து, ரீலை நேராகப் பிடித்து, பாட்டிலைத் தரையிலிருந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்து, பாட்டில் எழும்பலாமா வேண்டாமா என்று தயங்குகிற நிலையில் நிறுத்துங்கள். இப்போது ரீலைச் சற்று வேகமாக உயர்த்துங்கள். நல்ல டிராக் எண்ணெயில் வழுக்குவதுபோல் நரம்பை விடும், பாட்டில் ஆடாது. மோசமான டிராக் முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வெடுக்கென்று விடும், மறுபடி ஒட்டும். பாட்டில் துள்ளும். மெல்லிய நரம்பு அறுவது அந்த ஒட்டுகிற நொடியில்தான். விலை ஏறினால் இது கட்டாயம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே வகை ரீல் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது ரோட்டர், அதாவது ஸ்பூலைச் சுற்றி வலம்வரும் அந்தக் கிண்ணமும் பெயில் கம்பியும். கடைக்காரர் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது பாருங்கள் என்று காட்டுவார். வாங்குகிறவரும் மயங்குவார். ரோட்டர் நெடுநேரம் சுற்றினால் அது கனமானது என்றுதான் பல சமயம் பொருள், அல்லது உள்ளே கிரீஸுக்குப் பதில் மெல்லிய எண்ணெய் மட்டும் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான குணம். கைப்பிடியை ஒரே விரலால் தள்ளுங்கள்: தயங்காமல் கிளம்ப வேண்டும். விரலை எடுங்கள்: சட்டென்று நின்றுவிட வேண்டும். இரண்டு கிராம் லூரைக் கால் சுற்று இழுத்து, நிறுத்தி, மறுபடி கால் சுற்று இழுக்கும் வேலையில் ரோட்டரின் கனம் மணிக்கட்டு வழியாகத் தெரியும். மீன் இலேசாக வாய் வைத்த துடிப்பை அந்தக் கனம் மறைத்துவிடும். தராசில் மொத்த எடை ஒன்றாக இருக்கும் இரண்டு ரீல்களில், ரோட்டர் இலேசாக உள்ளதே கையில் இலேசாக இருக்கும். எடையை அட்டையில் படிப்பதோடு நிறுத்தாமல், உங்கள் ராடில் மாட்டியும் பாருங்கள். ரீல் அளவுக்கு மீறி இலேசாக இருந்தால் ராடின் நுனி கீழே தொங்கி, அதைத் தூக்கிப் பிடிப்பதே வேலையாகிவிடும்.

பேரிங் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ‘12+1’ என்று ஒட்டியிருக்கும் மலிவு ரீலைவிட, வேண்டிய இடங்களில் நான்கு நல்ல பேரிங் உள்ளது உழைக்கும். பெரிய பற்சக்கரத்தின் இரு முனை, நடு அச்சு ஓடும் சிறு பற்சக்கரம், நரம்பு திரும்பும் லைன் ரோலர் ஆகியவையே அந்த இடங்கள். இதில் லைன் ரோலரை நகத்தால் தள்ளிச் சுழற்றிப் பாருங்கள். பெயில் கம்பியின் முனையில் இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு உருளை அது. சுற்றும் நரம்பு முழுவதும் அதன்மேல்தான் செங்குத்தாகத் திரும்புகிறது. அது சிக்கினால் நரம்பு தேய்ந்து முறுக்கேறும். ஸ்பூல் விளிம்பில் ஒரு பஞ்சுத் துண்டைச் சுற்றித் தடவுங்கள். பஞ்சு எங்கேயாவது மாட்டினால் அந்த ரீல் வேண்டாம்.

ரீலின் அளவு எண் 1000 முதல் 2500 வரை இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் எண் இன்னொன்றோடு அப்படியே ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் 2000 அல்லது 2500, அதிலும் ஆழம் குறைந்த ஸ்பூல் உள்ளது. ஷிமானோ வகையில் எண்ணுக்குப் பின்னால் எஸ் என்ற எழுத்து இருந்தால் அது அப்படிப்பட்டது. அகலமான ஸ்பூலில் சுருள் பெரிதாக இருப்பதால் நரம்பு முறுக்கி நிற்பது குறையும், கழல்வதும் சுலபம். ஆழம் குறைவாக இருந்தால் வீணாக நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பைக் கொண்டு நிரப்ப வேண்டியதில்லை. கியர் விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் எத்தனை சுற்று என்பது, 5-இலிருந்து 6 சொச்சம் வரை எதுவானாலும் நடக்கும். ஸ்பூலின் குறுக்களவு 44 மில்லிமீட்டர் என்றால், 5-க்கு ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர் வரும், 6.2-க்கு 86 வரும். ஆழ நீரில் தளர்ந்த நரம்பைச் சீக்கிரம் வாரிக்கொள்ள வேண்டுமானால் வேகமானதை எடுங்கள்.

நரம்பு விஷயத்தில் இன்று இரண்டு வழி. 1971-இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் கொண்டுவந்த ஃபுளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது, மூழ்கும், ஆனால் விறைப்பு அதிகம். பல இழை பின்னிய பிரெய்டு நரம்பு மெல்லியது, நீளாதது, மீனின் சிறு அசைவையும் விரலுக்குக் கொண்டுவரும். பலர் ஸ்பூலில் பிரெய்டும், நுனியில் சில அடி ஃபுளோரோகார்பனும் முடிச்சுப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். சிறு ஸ்பூலுக்கு இது நல்ல ஏற்பாடு. பிரெய்டை வெறும் ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கும், டிராக் கெட்டுவிட்டது என்று தோன்றும். முதலில் சில மீட்டர் நைலானைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்ட வேண்டும். விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். அதற்கும் குறைந்தால் நரம்பு விளிம்பில் உரசி லூர் கிட்டத்திலேயே விழும். கூடினால் கொத்தாகக் கழன்று சிக்கும்.

வாங்கிய ரீல் எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெரும்பாலும் இரண்டு கைப்பழக்கத்தைப் பொறுத்தது. வீசி முடித்ததும் பெயிலைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு ஒரு சுருள் ஸ்பூலில் சேர்ந்துகொள்ளும், பத்தாவது வீச்சில் முடிச்சாக வெளியே வரும். பெயில் விசைக்கும் அடி விழும். இரண்டாவது, மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். இல்லிங்வொர்த் தீர்த்துவைத்த முறுக்குப் பிரச்சினை அங்கே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. டிராக் வழுக்கும்போது ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு உள்ளே வராது. ரோட்டர் மட்டும் ஐந்து தடவை வலம்வந்து நரம்பில் ஐந்து முறுக்கை ஏற்றும். பதற்றத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினால் ஐம்பது முறுக்கு. மறுநாள் எடுத்தால் நரம்பு சுருண்டு சுருண்டு வரும், ரீல்மேல் பழி விழும்.

வருடத்துக்கு ஒருமுறை பக்கத் தகட்டின் மூன்று நான்கு திருகுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். தட்டு மாதிரி ஒரு பெரிய பற்சக்கரம், முகத்தில் சாய்வான வரிப்பற்கள். அதில் பொருந்தி நிற்கும் பித்தளைச் சிறு சக்கரம். அதன் நடுத் துளை வழியே ஸ்பூலின் அச்சு மேலும் கீழும் போய்வரும். கிரீஸ் கறுத்து மணலோடு கலந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள், பற்களில் மட்டும், சிறிதளவு. லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். பின்னால் சுழலாமல் தடுக்கும் உருளைக் கிளட்ச் உள்ளே தனியாக இருக்கும். அதற்குள் கிரீஸ் போகவே கூடாது, போனால் கைப்பிடி பின்னுக்கு வழுக்கும். உப்புநீரில் போய்வந்தால் அன்றே நன்னீரில் இலேசாக நனைத்துத் துடைத்துவிடுங்கள். குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் உப்பு உள்ளேதான் போகும். மலிவு ரீல்கள் பலவற்றில் டிராக் வட்டுகள் ஃபெல்ட் துணியால் ஆனவை. இறுக்கியபடியே மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் அவை நசுங்கி, அடுத்த முறை அந்த 700 கிராமில் ஒட்டத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் டிராக் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு ரீலை எடுத்து வையுங்கள்.